மரவள்ளிக்கு நடுவே வெங்காயம்

மரவள்ளி நட்டால் கிழங்குக்குப் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். வயிறு காத்திருக்குமா? அதனால்தான் அவள் வருஷாவருஷம் மூத்தாரின், அதாவது கணவனுடைய அண்ணனின், தோட்டத்தில் கூலிக்குக் களையெடுத்தாள். அவர் கொடுத்ததுதான் கூலி. கணவனோ அண்ணன் முன்னால் பிள்ளைப்பூச்சி.

குடும்பத்துப் பொது நிலம் முக்கால் ஏக்கர். பாடு இவர்களுடையது, கிழங்கில் பாதி மூத்தாருக்கு. கிணறும் அவர் பக்கம். இந்த வருஷம் மரவள்ளி வரிசைகளுக்கு நடுவே வெங்காயம், முள்ளங்கி, கீரை எல்லாம் போடப் போவதாக அவள் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் விளைவதை நீயே வைத்துக்கொள், எலி மிச்சம் வைத்தால் பார் என்றார். அதையும் நாலு பேர் கேட்கச் சொன்னார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

மரவள்ளி இலை விரித்து நிலத்தை மூட மூன்று மாதம் ஆகும். அதுவரை நடுவில் வெயிலும் ஈரமும் சும்மாதான் கிடக்கும். இருபத்தைந்தாம் நாள் முதல் கீரைக்கூடை சந்தைக்குப் போனது. அவள் களையெடுக்கப் போவதை நிறுத்தினாள். கூடை போனதுகூடப் பரவாயில்லை, அவள் வராததுதான் மூத்தாரின் கண்ணை உறுத்தியது.

வெங்காயம் திரளும் சமயத்தில் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலை அடைத்தார். கிழங்குக்கு வைத்த எருவை வெங்காயம் தின்கிறதாம். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலைக்கு வரும்வரை தண்ணீர் கிடையாதாம். கணவன் தரையைப் பார்த்தான். அவளுக்குக் கோபம் பொங்கியது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“அடைங்க மாமா. ரெண்டுக்கும் ஒரே வாய்க்கால்தான். கிழங்கு பிடிக்கிற நேரம் இது. இப்ப காஞ்சா உங்க பாதியும் சேர்ந்துதான் காயும். அப்புறம் வந்து கேட்டீங்கன்னா குச்சியைத்தான் தருவேன்.”

பக்கத்து வயல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மூத்தார் அதே மண்வெட்டியால் தானே அடைப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் இரண்டு பயிரையும் தொட்டுக்கொண்டு ஓடியது.

போகிற போக்கில், கௌரவம் விடுமா, நாளைக்காவது களைக்கு வந்துவிடு, ஆள் பற்றவில்லை என்றார்.

“நாளைக்கு முள்ளங்கி பிடுங்கறேன் மாமா, எனக்கே ஆள் பத்தல. உங்க வீட்டுல யாராவது சும்மா இருந்தா அனுப்புங்க. நீங்க எனக்குக் குடுத்த அதே கூலியைக் குடுத்துடறேன்.”