மூன்றரை மணிக் கடல்

சிதம்பரம் பேருந்தில் ஏறியதும் அமிர்தம் துண்டில் சுற்றிய ஒற்றை டைல்ஸை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் மாட்டேன் என்றாள்.

"அப்ப புள்ளைக்கு அரை டிக்கெட் போட்டுடவா?" என்றார் அவர். பின்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தரங்கம்பாடியில் கடலோரம் விடுதி கட்டும் கிளமெண்ட், வரவேற்பறைச் சுவருக்கு நாற்பது டைல்ஸ் கேட்டிருந்தார். கடல் நிறத்தில் வேண்டுமாம். பதினெட்டு வருடமாகப் மின்சார பீஸ் கட்டைகளைப் பளபளப்புப் பூச்சான கிளேஸில் முக்கிக்கொண்டிருந்த அமிர்தத்தை நம்பி, விருத்தாசலம் பீங்கான் பட்டறை முதலாளி கோதண்டபாணி முதல்முறையாக நிறம் கலக்கும் வேலையைக் கொடுத்தார். கலக்கும்போது வெளுத்த ரோஜா நிறமாக இருப்பது சூளையில் வெந்த பிறகுதான் நீலமாகும். மூன்று முறை சுட்டுப் படம் அனுப்பினார்கள். மூன்றையும் கடல் இல்லை என்று கிளமெண்ட் தள்ளிவிட்டார். நாலாவதும் தேறாவிட்டால் மறுபடி பீஸ் கட்டைதான். அதை அவளையே நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரச் சொன்னார் கோதண்டபாணி.

அவள் கடலைப் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு மற்ற ஊர்க்காரர்கள் கடலுக்குப் போவார்கள். விருத்தாசலத்துக்காரர்களுக்கு மணிமுத்தாறு இருக்கிறது. போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் கலந்திருந்தாள்.

சிதம்பரத்தில் காரைக்கால் பேருந்துக்கு மாறினாள். சீர்காழி, திருக்கடையூர் தாண்டி, தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தாள். தெரு முடிந்த இடத்தில் கால் நின்றுவிட்டது.

இத்தனை பெரிதென்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. காலடியில் சேற்று நிறமாக இருந்தது, பத்தடி தள்ளிப் பச்சையாக இருந்தது, வானத்தைத் தொடும் இடத்தில் கருத்துக் கிடந்தது. ஒரு மேகம் நகர்ந்தது, மொத்தமும் வேறொன்றாகிவிட்டது. எவ்வளவு நேரம் நின்றாளோ, கையில் டைல்ஸ் இருப்பதே மறந்துபோயிற்று.

விடுதிக் கட்டடத்திலிருந்து கிளமெண்ட் வந்து அதை வாங்கிக் கடலுக்கு நேரே பிடித்தார். சேரவில்லை. மேக நிழல் மறுபடி விழுந்தபோது, தூரத்தில் ஒரு பட்டை நீர் அச்சு அசலாக அந்த நிறத்துக்கு வந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

இதோ சேர்ந்ததே என்று அவள் வாதாடியிருக்கலாம்.

"ஒரு நெறத்துல இது அடங்காதுங்க சார்," என்றாள். "நாப்பதையும் நாப்பது நெறமா சுட்டுத் தரேன்."

"பாக்கறவங்க தப்பா சுட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா வெளிய கூட்டியாந்து இங்க நிக்க வையுங்க."

கிளமெண்ட் டைல்ஸைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். இதுவே முதலாவதாக இருக்கட்டும் என்று அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, இப்போது கிளம்பினால் சிதம்பரம் பேருந்தைப் பிடித்துவிடலாம், விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான் என்றார்.

"மூணரைக்கு இது எப்படிங்க இருக்கும்?"

எது என்று அவர் கேட்கவில்லை. தெரியாது, தினமும் ஒரு மாதிரி என்றார்.

அமிர்தம் மணலில் உட்கார்ந்தாள். மூன்றரைப் பேருந்தும் அவளை விட்டுவிட்டுத்தான் போனது.