ஆறு போடு, மூன்று விடு

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. ஜனவரியில் எங்கள் பனிவண்டிச் சங்கத்தின் பான்கேக் விருந்தில் தலைவர் ஈவோன் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். ஓடைமேல் பாலம் போட்டவர்களுக்கு, சிரப் கொடுத்தவருக்கு, எனக்கும்கூட. டோரீன் முறை வந்தபோது, "அப்புறம் நம்ம டோரீன், மேப் ஃபைலை மாத்திக் கொடுத்தாங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். மாத்திக் கொடுத்தாங்களாம். பல்பு மாற்றுவது மாதிரி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வடக்கு ஒண்டாரியோவில் இருபத்திரண்டு குளிர்காலமாகப் பனித்தடத்தைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறேன். கணினியை நம்பமாட்டேன். கதை எழுதுகிறவர்களை அதைவிடக் குறைவாக நம்புவேன். இருந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

"வெள்ளைப் போர்வை போர்த்திய ஏரி அன்று..." [நிறுத்திவிட்டேன். ஏரி ஏரியாகத்தான் கிடந்தது.]

"ரெய்னோ செத்த இரண்டாவது வாரம் அவருடைய கணினியும் செத்தது." இது தேவலை. இங்கிருந்தே போவோம்.

ரெய்னோதான் எங்கள் தடங்களின் வரைபடத்தை வரைந்தவர். நானூறு கிலோமீட்டர் தடம், பதினோரு ஏரி, எல்லாம் ஒரு பழங்கால வரைகலை மென்பொருளில். அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு கோப்பு. சட்பரி நகரத்து அச்சகத்தார் அதைத் திறக்கப் பார்த்துவிட்டு, எங்கள் மென்பொருளுக்கு இது புரியவில்லை, நாங்கள் கேட்கிற வடிவத்தில் வியாழக்கிழமை நண்பகலுக்குள் கொடுங்கள் என்றார்கள். மூவாயிரம் பிரதி. கண்ணை மறைக்கும் பனிக்காற்றில் வெளியூர்க்காரன் அதைப் பார்த்துத்தான் உறைந்த ஏரியைக் கடப்பான்.

டோரீன் எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள், சங்கத்தின் செயலாளர், வயது ஐம்பத்தெட்டு. எங்கே உட்கார்ந்தாலும் கம்பளி பின்னுவாள். கூட்டத்தில் யாராவது வளவளத்தால் ஊசிச் சத்தம் வேகமாகும். வரைபடக் கோப்பை அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

3

இந்த இடத்தில் வாசகர் தூங்கிவிடுவார் என்கிறாள் என் மருமகள். வீடு மாற்றிப் பார்த்தவர் தூங்கமாட்டார்.

பழைய மென்பொருளும் புதியதும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் பழையதை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் மூன்றாவது ஒன்றை டோரீன் தேடிப் பிடித்தாள். அதிலிருந்து ஒரு பொது வடிவம், அதிலிருந்து அச்சகத்தின் வடிவம். மூன்று லாரி மாற்றிச் சாமான் கொண்டுபோவது போல. ஒவ்வொரு லாரியிலும் ஏதாவது உடைந்தது. முதலாவதில் ஊர்ப்பெயர்களின் எழுத்து வடிவம் போனது. இரண்டாவதில் வரைபடமே முக்கால் அளவாகச் சுருங்கியது. ஓரச்சட்டத்தை அளந்து பார்த்ததால் தெரிந்தது. மூன்றாவதில் பெட்ரோல் பம்ப் படங்களெல்லாம் கியூ என்ற எழுத்தாக மாறி நின்றன. ஒரே கோடாக இருந்த தடம் நூற்றுக்கணக்கான துண்டாகிக் கிடந்தது. அவள் துண்டுக்குத் துண்டு தலையும் வாலும் சேர்த்து ஒட்டினாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பிரதி அச்சடித்து நூலக மேசையில் விரித்து, தடம் சமன்செய்யும் வில்ஃபைக் கூப்பிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா வண்டியில ஓட்டுற. விரலால ஒரு தடவ ஓட்டிப் பாரு."

வில்ஃப் கூர்ந்து பார்த்தான். கோடுகள் வழுவழுவென்று ஓடின. இரண்டு ஏரிகள் சேரும் இடுக்குக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. "இங்க ஒரு தப்பு இருக்கு" என்றான்...

4

[பொய். கடைசி வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பார்க்கட்டும் என்று.]

வில்ஃப் என்பது நான்தான். என் விரல் எங்கேயும் நிற்கவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நான் சொன்னது இதுதான்: "நல்லாத்தான் இருக்கு. அனுப்பித் தொல."

எழுத உட்கார்ந்த மூன்றாம் நாளே பொய் சொல்லப் பழகிவிட்டேன். கதை எழுதுகிறவர்களை நம்பாதது சரிதான். வில்ஃபைக் கதையிலிருந்தே தூக்கிவிடலாமா என்றும் பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். பக்கத்தில் ஒரு முட்டாள் நின்றால்தான் அவள் உயரம் தெரியும்.

5

டோரீன் அனுப்பவில்லை. கியூ எழுத்து தப்பு என்பது குழந்தைக்கும் தெரியும்; அது அவளைப் பயமுறுத்தவில்லை. பார்வைக்குச் சரியாக இருந்த இடங்கள்தான் உறுத்தின. புதன் காலை ரெய்னோவின் பழைய அச்சுப்பிரதியை நூலக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் புதியதை ஒட்டினாள். பின்னாலிருந்து வெயில் அடிக்க, கோடு கோடாக விரல் வைத்துப் போனாள். புத்தகம் கேட்டு வந்தவர்களிடம், நீங்களே எடுத்து நீங்களே எழுதிவிட்டுப் போங்கள் என்றாளாம்.

வடக்கு விரிகுடாவில் விரல் நின்றது. (இந்த முறை நிஜமாகவே.) பழைய தாளில் விட்டுவிட்டுப் போட்ட கோடு, புதியதில் ஒரே முழுக்கோடு.

[எங்கள் வரைபடத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால், அடியில் நீரோட்டம் இருக்கிறது, பனியை நம்பாதே, கரையோடு சுற்றிப் போ. முழுக்கோடு என்றால், வா.]

மூன்று லாரியில் ஏதோ ஒன்று இடைவெளிகளை நிரப்பிவிட்டது. ஒரு பிசிறு இல்லாமல்.

அப்படி ஏழு இடம் கண்டுபிடித்தாள். ஆனால் பழைய தாள் நடுமடிப்பில் தேய்ந்து வெளுத்திருந்தது. ஈவோனின் பிரதியும் அப்படித்தான், என்னுடையதும் அப்படித்தான். எல்லாரும் ஒரே மாதிரி மடித்து ஒரே இடத்தில் திறக்கிறவர்கள். அந்த மடிப்பில்தான் இடுக்கு இருந்தது.

எனக்குப் போன் போட்டாள்.

"இடுக்குல ரெய்னோ என்ன கோடு போட்டிருந்தாரு?"

"முழுக்கோடுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"என் வண்டி எட்டு டன்னு. நான் எங்க அங்க ஏரியில எறங்குறேன்? கரையோட போயிடுவேன்."

"அப்ப நெனைக்காத" என்று போனை வைத்துவிட்டாள்.

6

வியாழன் காலை அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் தொப்பியைக் கழற்றத் தோன்றுகிறது. ரெய்னோவின் கோப்பை வரைகிற மென்பொருளில் திறக்காமல், கடிதம் அடிக்கிற வெறும் எழுத்து மென்பொருளில் திறந்தாள். படம் இல்லை. பக்கம் பக்கமாக எண்கள். நானாக இருந்தால் மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

கம்பளி பின்னுகிறவளுக்கு எண் வரிசை பயமில்லை. ஒவ்வொரு கோட்டுக்கு முன்னாலும் ஒரு சதுர அடைப்புக்குறி இருப்பதைப் பார்த்தாள். பெரும்பாலும் உள்ளே ஒன்றுமில்லை. சிலவற்றில் மட்டும் 6, 3 என்று இருந்தது. ஆறு போடு, மூன்று விடு. ஆறு போடு, மூன்று விடு. அவள் மடியில் வைத்திருக்கும் பின்னல் குறிப்பேதான். தேடி எண்ணினாள். ஏழு வரவேண்டும். எட்டு வந்தது.

எட்டாவது கோடு தொடங்கும் எண்களை எடுத்துக்கொண்டு, புதிய வரைபடத்தில் ரூலர் வைத்து அளந்தாள். நேராக மடிப்பில் போய் விழுந்தது.

பதினொரு மணிக்கு நான் நூலகத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, காப்பிக்கு. அவள் இடுக்கின் கோட்டை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனுஷன் போயும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காரு, வில்ஃப். நாமதான் அழிச்சிருப்போம்" என்றாள். "நாம" என்றாள். "நீ" என்று சொல்லவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோப்பு போனது.

7

இனி முடிவு.

ஒன்று: கோட்டைக் கவனிக்காத ஒருவன் இடுக்கில் இறங்குகிறான், பனி... எழுதமாட்டேன். தொண்ணூற்றொன்றில் ஒருவனைக் கொக்கி போட்டு நான் இழுத்திருக்கிறேன். அது கதைக்கு ஆகாது.

இரண்டு: ஈவோன் கண் கலங்கி டோரீனுக்குக் கேடயம் கொடுக்கிறார். ஈவோன் கலங்குகிற ஆளில்லை. கேடயம் வந்தால் அவள் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பாள்.

மூன்று: ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் இதுதான் நடந்தது. வரைபடம் வந்தது, அதன்மேல் காப்பி சிந்தினார்கள், சுற்றிப் போக இருபது நிமிடம் வீண் என்று ஒருவன் பெட்ரோல் பம்பில் புலம்பினான். நடக்காத ஒன்றை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

8

பிப்ரவரியில் ஒரு காலை கரையோரத் தடத்தைச் சமன்செய்துகொண்டு இடுக்குப் பக்கம் வந்தேன். புதுப்பனியில் ஒற்றைப் பனிவண்டியின் தடம் கரையிலிருந்து பிரிந்து ஏரிக்குள் இறங்கியிருந்தது. வண்டியை நிறுத்தி, அதன் ஓரமாகவே நடந்தேன். நாற்பது அடி. அங்கே அந்த வண்டி நின்றிருக்கிறது. பூட்ஸ் அடையாளம் இரண்டு. பனி மிதிபட்டிருந்தது, ஆள் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு தடம் பெரிதாக வளைந்து திரும்பிக் கரையேறி, சுற்றுவழியில் போயிருந்தது.

எதைப் பார்த்துத் திரும்பினான்? வரைபடத்தின் கோட்டையா, பனியின் நிறத்தையா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். இந்தக் கதையில் ஒரு பொய் போதும். பூட்ஸ் வரைக்கும் நான் பார்த்தது. அதற்கு மேலே ஆளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கையில் என்ன விரித்திருந்தான் என்பதையும் சேர்த்து.

நான் செய்தது ஒன்றுதான். வண்டியின் பின்னால் பனியை வழிக்கும் தட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தடம் கரையேறிய இடத்தைச் சமன்செய்யாமல் தாண்டிப் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

டோரீனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அவள் எப்படிப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும்: ஜன்னலில் ஒட்டி, பின்னால் வெயில் அடிக்க, வரி வரியாக விரல் வைத்து.