சுத்தமான புண்

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் எண்டா காலின் கட்டை அவிழ்த்துக் குனிந்து பார்த்தாள். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். என் கணவர் வாகிமினின் உள்ளங்காலில் எலுமிச்சை அளவுப் புண்; சீழ் இல்லை, நாற்றம் இல்லை, வேகவைத்த கோழிக்கறி மாதிரி வெளுத்துக் கிடந்தது. செமாராங் நகரத்தில் முப்பது வருடமாக ஊரார் துணியைத் துவைக்கிறவள் நான், கறை என்றால் ஆகாது. செருப்பைத் துளைத்து ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நடந்த மனுஷன் அவர். சர்க்கரை நோய் காலை அப்படி மரத்துப்போகச் செய்திருந்தது. இரண்டு மாதமாக வேளைக்கு ஒரு தரம் வெற்றிலை கொதித்த தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். மீன், முட்டை கண்ணில் காட்டவில்லை; தின்றால் புண் அரித்து நீர் வைக்கும் என்று எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறத்தான் இல்லை. வியாழக்கிழமைக்குள் புதுச் சதை தெரியாவிட்டால் பாதத்தை எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"இபு ஜுமி," என்று அம்மா போட்டு மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். "யாரு இதைக் கழுவறது?"

"நான்தான். தினமும் ஸ்பிரிட் ஊத்தித் தேய்ச்சிடறேன், மீன், முட்டை குடுக்கறதில்ல. ஒரு கிருமி இருக்காது, பாருங்க."

"அதான் வினையே. தோல்ல இருக்கற கிருமி எல்லாமே திருடன் இல்ல, இபு. பாதி அங்கயே குடியிருக்கறதுங்க. காயம் பட்டா உடம்போட படையைக் கூவிக் கூப்பிடறதுல அதுங்களுக்கும் பங்கு உண்டு. படை வந்து கொஞ்சம் சதை போடுது, நீங்க ஸ்பிரிட் ஊத்தி எல்லாத்தையும் வழிச்சுடறீங்க. முட்டையும் இல்லாம எதை வச்சுப் போடும்? கெட்ட கிருமிக்கு நான் மருந்து வக்கிறேன். புதன்கிழமை வரைக்கும் கை வக்காதீங்க."

வீட்டுக்கு வந்து ஒரு முட்டை அவித்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அவ்வளவு அழுத்தித் தேச்சேனே, ஒரு வார்த்தை போதும்னு சொல்லக் கூடாதா?"

"எனக்குத்தான் வலிக்கலையே, புக்னே," என்றார், பெண்டாட்டியை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. "நாள் பூரா கடுகடுன்னு இருப்ப. அதைத் தேய்க்கற நேரம்தான் உன் முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அந்த இரண்டு நாளும் என் கைக்கு வேலையில்லை. வெளுத்த சட்டைகளையே மறுபடி துவைத்தேன். வெற்றிலைப் பானையைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு நிமிர்த்தினேன், மறுபடி கவிழ்த்தேன். கட்டுத்துணியில் ஈரம் ஊறி லேசாக வாடை அடித்தபோது, அவள் பேச்சைக் கேட்டுக் கழுவாமல் விட்டேனே என்று பஞ்சைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தேன்.

புதன்கிழமை காலை எண்டா கட்டை அவிழ்த்தாள். மஞ்சளாக நீர் படிந்திருந்தது, பார்க்கவே அசிங்கமாக. உப்புத்தண்ணீரை மெல்ல விட்டு, ஓரத்தைத் துணியால் தொட்டாள். வெளுப்புக்கு நடுவே பொடிப்பொடியாகச் சிவப்பு; புதுச் சதை. அதில் ஒன்றிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எழும்பி நின்றது.

"நாளைக்கு டாக்டர் என்ன சொல்வாரோ," என்றாள் எண்டா. குரல் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது.

என்னை அறியாமல் என் கை பஞ்சோடு நீண்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அந்தச் சொட்டு மெதுவாக வழிந்து, வெள்ளை விரிப்பில் கறையாவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.