கிருஷ்ணப்பனின் வலது கை

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடையின் மாடியில் இருந்தது சங்க அலுவலகம். நாலு பெஞ்சு போட்டால் நிறைந்துவிடுகிற அந்த அறையில் காலை பத்தரை மணியிலிருந்து பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் நலச் சட்டத் திருத்தத்தின் மேல் விவாதம். ஒருவர் வறுமைக் கோடு எங்கே இருக்கிறது என்று பேசினார். அடுத்தவர் எழுந்து அது அங்கே இல்லை என்றார். கேமரா திரும்பும்போதெல்லாம் காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"இன்னாம்மா, அல்லாரும் நாஸ்தா துன்ன பூட்டாங்களா?" என்றார் முன்பெஞ்சிலிருந்த ஒரு பெரியவர்.

"அவுங்களுக்கு கேன்டீன் உள்ளயே கீதுபா. நம்மள மாதிரியா, டிபன் பாக்ஸத் தூக்கிகினு வெய்யில்ல குந்தறதுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொஞ்சம் சும்மா இருங்க தோழர். அடுத்தது நம்ம அம்மாதான்" என்றாள் செங்கொடி. சங்கத்தின் வட்டாரச் செயலாளர் அவள். ஆறு கடிதம் எழுதி, இரண்டு முறை நேரில் போய்ப் பேசி, நிலக்கரி யார்டில் நடந்த விபத்தைப் பற்றிப் பேச ஒரு பெண் எம்.பி.யைச் சம்மதிக்க வைத்திருந்தாள். சொந்தத் தொகுதிக்காரர்கூட அல்ல அவர்.

கிருஷ்ணப்பன் வாசற்படி ஓரம் சுவரில் சாய்ந்து நின்றான். இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டிருந்தான். சங்கத்து ஆட்கள் இருக்கும் இடத்தில் கைகளை மறைத்துக்கொள்வது இந்த இரண்டு மாதத்தில் அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அவனுக்கு முன்னால், எல்லாரும் மரியாதையாக இடம் விட்ட நாற்காலியில், ஹுமாயூன் உட்கார்ந்திருந்தான். அவன் வலது கையின்மேல் ஒரு துண்டு கிடந்தது. துண்டுக்கு அடியில் மணிக்கட்டோடு கை முடிந்துபோயிருந்தது.

அந்த அறையில் ஹுமாயூனுக்குப் பெயர் கிருஷ்ணப்பன். நிஜக் கிருஷ்ணப்பனுக்குப் பெயரே இல்லை. "கூட வர்ற தோழர்" என்பாள் செங்கொடி.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தனியார் நிலக்கரி யார்டில் இருவருக்கும் வேலை. ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மேலே போட வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரு கேங். காலை ஆறு மணிக்கு கேட்டில் பன்னிரண்டு அடையாள கார்டு விழ வேண்டும். பதினொன்று விழுந்தால் கேங் மொத்தமும் வெளியே. காத்திருக்கிற அடுத்த கேங் உள்ளே போய்விடும். அதனால் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னொருவன் போவான். கரித்தூள் ஏறிய கார்டில் போட்டோ எங்கே தெரிகிறது? கேட்டில் கார்டைத்தான் எண்ணினார்கள். சூப்பர்வைசர் சண்முகவேலே சொல்லுவார்: "கார்டு வந்தா போதும்பா. உள்ள கீற ஆளு ராமனா இருந்தா இன்னா, ரஹீமா இருந்தா இன்னா?"

ஆடி மாதத்தில் ஒரு நாள் கிருஷ்ணப்பனுக்கு வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்க முடியவில்லை. ஹுமாயூனின் கார்டு காலாவதியாகி, புதுப்பிக்கத் தேவையான போலீஸ் சான்றிதழ் வராமல், மூன்று வாரமாக அவன் தண்டையார்பேட்டையில் வீட்டோடு இருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலேயே ஷேர் ஆட்டோ ஏறிப் போய், தன் கார்டைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டியவன் கிருஷ்ணப்பன்தான்.

"சும்மாத்தான குந்திகினு கீற பாய். போய்ட்டு வா. பதினோரு பேரு நம்மள நம்பிக்கினு கீறாங்க."

"வவுத்துக்கு வெந்தயம் முழுங்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான் ஹுமாயூன். அவன் மனைவி ரஹீமுன்னிசா உள்ளே போய்க் கைப்பிடி வெந்தயத்தைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று யார்டில், கப்பல் காத்திருந்ததால் பெல்ட்டை நிறுத்தாமலேயே அடியில் வாரினார்கள். மண்வெட்டி உருளையில் சிக்கியது. பிடியை விட ஹுமாயூன் ஒரு கணம் தாமதித்தான்.

ஆம்புலன்ஸ்காரர் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்துப் பெயர் எழுதினார். கிருஷ்ணப்பன் ஓடிப்போய் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றபோது, உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அங்கிருந்த பெண், "இந்த நம்பர்ல இன்சூரன்ஸ் ஓடுதுங்க, உடனே தியேட்டருக்குக் கொண்டு போறாங்க, கவலப்படாதீங்க" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டான். வீட்டுக்குப் போய் மனைவி மலர்க்கொடியிடம், "தெய்வம் இன்னா பேரப் பாத்தா காப்பாத்துது?" என்றான். அவள் சாமி படத்துக்கு இரண்டு விளக்காக ஏற்றினாள்.

வார்டில் தேவப்பிரியம் என்று ஒரு நர்ஸ். மூன்றாம் நாள், கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்து, ஒற்றைக் கையைக் காதருகே தூக்கி, படுத்தபடியே ஹுமாயூன் தொழுவதை அவள் பார்த்துவிட்டாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் கிருஷ்ணப்பன் என்று இருந்தது. அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு வார்டு பாயைக் கூப்பிட்டு, "இந்தக் கட்டில மேக்கால திருப்பிப் போடுப்பா, அவருக்குக் காத்து வரட்டும்" என்றாள். மேற்கே ஜன்னல் கிடையாது.

ஹுமாயூன் கிருஷ்ணப்பனாகப் படுத்திருந்த நாளிலிருந்து, கிருஷ்ணப்பன் யார்டுக்குப் போக முடியவில்லை. கை போன ஆள் எப்படி கேட்டுக்கு வருவான்? காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போனான். அங்கே யாரும் பெயர் கேட்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் இனி நம்பிக்கை, கை போனதற்கு ஈ.எஸ்.ஐ. தருகிற ஆயுள்கால உதவித்தொகைதான். அதைத்தான் கான்ட்ராக்டர் மறித்தார். அப்படி ஒரு விபத்து யார்டில் நடக்கவே இல்லை, ரயில் தண்டவாளத்தில் குடித்துவிட்டு விழுந்தவன் என்று எழுதிக் கொடுத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவன் ஹுமாயூன்.

அந்தக் கதையோடுதான் இருவரும் சங்கத்துக்கு வந்தார்கள். கார்டு மாற்றியதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இருவர் மேலும் போலீஸ் கேஸ் என்று கேங்கில் எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" என்றாள் செங்கொடி.

எம்.பி. எழுந்து தமிழிலேயே பேசினார். "அவைத் தலைவர் அவர்களே, வறுமையைப் பற்றிக் காலையிலிருந்து எண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். வடசென்னையில் ஒரு நிலக்கரி யார்டு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். கிருஷ்ணப்பன் என்று பெயர். ஓடும் பெல்ட்டில் அவருடைய வலது கை போய்விட்டது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறது நிர்வாகம். இந்தச் சட்டம் கிருஷ்ணப்பனுக்கு என்ன தரப்போகிறது?"

மணி அடித்தது. அவருக்கு ஒதுக்கிய மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. அவர் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினார்; மைக் நின்றுபோயிருந்தது. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அமைச்சர் எழுந்து இந்தியில் பதில் சொன்னார். சவுகார்பேட்டையில் மூட்டை தூக்கிய காலத்தில் ஹுமாயூன் கொஞ்சம் இந்தி பழகியிருந்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னா சொல்றாரு நைனா?"

"அந்தக் கிருஷ்ணப்பன..." ஹுமாயூன் சட்டென்று திருத்திக்கொண்டான். "என்னிய, ஆபீசர அனுப்பி நேர்ல பாக்க சொல்றேன்றாரு. கைரேக வச்சி, ஆளு யாருன்னு உறுதி பண்ணி, ரெண்டு வாரத்துல சபைக்கு பதில் சொல்றாராம்."

அறை முழுக்கக் கைதட்டல். பெரியவர் எழுந்து ஹுமாயூனின் தோளைத் தட்டினார். செங்கொடியின் கண் கலங்கியிருந்தது. "உங்க பேரு டில்லியில கேட்டுச்சு, கிருஷ்ணப்பன் தோழர்!" என்றாள். வாசற்படியருகே நின்றவன் பைக்குள் விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. பெறுநர் கிருஷ்ணப்பன். ஆதாருடன் விசாரணைக்கு நேரில் ஆஜராக வேண்டும். மலர்க்கொடி அதைப் பிரித்துப் படித்தாள்.

"உன்ன கட்டிக்கினு பதினெட்டு வருசம் ஆவுது. உன் பேரு இந்த பிளாக்கத் தாண்டிப் போனதில்லய்யா. இப்ப டில்லி வரிக்கும் போய்க்கீது. அதுவும் கையில்லாத பேரா."

"வாய வச்சிகினு சும்மா இருடி."

"நான் சும்மாதான் கீறேன். நீ அவுங்ககிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு நல்லவ."

அன்று சாயங்காலமே இருவரும் போய்ச் செங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். கிருஷ்ணப்பன் முதல் முறையாக அவள் முன்னால் இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பனே" என்றாள். "சரி, கேங்ல மத்த பதினோரு பேர் இருக்காங்கல்ல? ஹுமாயூன்தான் உள்ள இருந்தார்னு ரெண்டு பேர் சாட்சி சொன்னாப் போதும்."

"எப்டிம்மா வருவாங்க?" என்றான் ஹுமாயூன். "அன்னிக்கு உள்ள இருந்ததுல நாலு பேரு அடுத்தவன் கார்டு. எவனக் கூப்ட்டாலும் மொதல்ல நீ யாருன்னுதான கேப்பாங்க?"

விசாரணை ஒரு அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில். அதிகாரி வயதானவர், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. வந்த மூவரையும் உட்காரச் சொல்லி, பியூனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"கிருஷ்ணப்பன் யாருங்க?"

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஹுமாயூன் பழக்கத்தில் எழுந்துவிட்டான். ஒரு கணம் கழித்து மெல்ல உட்கார்ந்தான்.

கிருஷ்ணப்பன் எந்திரத்தில் வலது கட்டைவிரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. அவன் பெயர், அப்பா பெயர், வியாசர்பாடி விலாசம், போட்டோ, எல்லாம் திரையில் வந்தன. அதிகாரி திரையையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிருஷ்ணப்பன் கைகூப்பினான். வெந்தயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். "கை போனது நெசம் சார். என் கை இல்ல, இவரு கை. தப்பு என்னுது. கார்ட மாட்டி அனுப்புனது நானு."

"வாங்கிகினு போனது நானு சார்" என்றான் ஹுமாயூன்.

"சார், மனுஷன் உங்க முன்னாடி உக்காந்திருக்கார். கையைப் பாருங்க" என்றாள் செங்கொடி.

அதிகாரி பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மேசைமேல் யார்டு கேட்டின் பதிவேட்டு நகல் இருந்தது. அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னிக்கு உள்ள போனவங்க பன்னிரண்டு பேர். இதுல ஹுமாயூன்னு பேர் இல்லம்மா. உள்ளயே போகாத ஆளுக்கு உள்ள விபத்து நடந்துச்சுன்னு நான் எப்படி எழுதறது?"

"நீங்க மேல எழுதி, திரும்ப விசாரிக்கச் சொல்லலாமே?"

"எழுதலாம். ஆள்மாறாட்டம்னு எழுதணும். அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போகணும்." அவர் பேனாவை மூடித் திறந்தார். "எங்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். கிருஷ்ணப்பனுக்குக் கை போச்சா இல்லையா. அதுக்கு மட்டும் பதில் எழுதறேன். இவங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. அவ்வளவுதான் என்னால முடியும்."

டைப் அடித்த தாள் வந்தது. அதிகாரியே படித்துக் காட்டினார்: மாண்புமிகு உறுப்பினர் அவையில் குறிப்பிட்ட தொழிலாளி நேரில் விசாரிக்கப்பட்டார். அவரது அடையாளம் கைரேகை மூலம் உறுதி செய்யப்பட்டது. அவரது இரு கைகளும் நல்ல நிலையில் உள்ளன. விபத்து ஏதும் நிகழவில்லை.

"இங்க கையெழுத்து போடுங்க."

கிருஷ்ணப்பன் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றான். ஹுமாயூன் பக்கம் திரும்பாமல், "பாய்" என்றான்.

"போடுண்ணே."

"எப்டிறா போடுவேன்?"

"போடு. அண்ணிக்கும் புள்ளைங்களுக்கும் நீயாச்சும் வூட்ல இருக்கணும்ல?"

தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. தாள் மேசையில் நிற்காமல் ஓரம் தூக்கித் தூக்கி அடித்தது. கிருஷ்ணப்பனின் இடது கை மேசை விளிம்பை விடாமல் பற்றியிருந்தது. ஹுமாயூன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, துண்டை விலக்கி, மணிக்கட்டின் மொட்டையை அந்தத் தாளின் மேல் வைத்து, அது பறக்காமல் அழுத்திக்கொண்டான். கிருஷ்ணப்பன் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எடுக்கவில்லை.