மூப்பர் வீட்டில் ஊசிப் பெட்டி

"பின்பக்கமா வா," என்றார் சபை மூப்பர் ஸாவ் லா. அவர் கூப்பிட்டு வந்த ரோய் நான் என்பவள் அதைக் காதில் வாங்கவில்லை. முன்வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

சமையலறைத் தரையில் அவர் மகன் குன் ஸெங் கிடந்தான். பச்சைக்கல் சுரங்கத்திலிருந்து முந்தாநாள்தான் வந்தவன். உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சில்லை. கையில் இன்னும் ஊசி.

"ஏதாவது பண்ணும்மா!" என்று கதறினாள் தாய் ஜா மாய்.

ரோய் நான் அவன் வாயோடு வாய் வைத்து ஊதினாள். தொடையில் மருந்தை ஏற்றினாள். மறுபடி ஊதினாள்.

அவள் தம்பி பிராங்கும் இப்படித்தான் கிடந்தான். போதை ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசியும், நின்ற மூச்சைத் திருப்பும் இந்த மருந்தும் கொடுக்க ஆற்றங்கரையில் அவள் குடிசை போட்டிருந்தாள். "பாவத்துக்குப் பந்தி வைக்கிறா" என்று மூப்பரின் ஆட்கள் அதைக் கொளுத்தினார்கள். அந்த வாரமே பிராங் போனான். காப்பாற்ற மருந்து இல்லை. புதைக்கச் சபைக் கல்லறையில் இடமும் இல்லை என்றார் மூப்பர்.

இன்று அழைப்பு வந்தபோது, போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பையன் செத்தால் அழுது முடித்துவிடுவார்கள். பிழைத்தால்தான் தலைகுனிவார்கள்.

பையன் இருமினான்.

"சரி, கெளம்பு. ஜெபக்கூட்டத்துக்கு ஆளுங்க வந்துருவாங்க," என்றார் மூப்பர்.

"கெளம்புறேன். ஆனா மருந்து வேகம் சீக்கிரம் எறங்கிரும், உள்ள போன சரக்கு எறங்காது. மறுபடி மூச்சு நின்னா நீங்களே பாத்துக்குவீங்களா?"

ஜா மாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிராத தாயி!"

"இருக்கேன்க்கா. இங்க காத்து போதாது. முன்கூடத்துக்குத் தூக்குங்க."

சமையலறையிலும் காற்று வரத்தான் செய்தது. அது அவளுக்குத் தெரியும்.

கூடத்து நடுவில் பையனைக் கிடத்தி, பக்கத்தில் தான் கொண்டுவந்த ஊசிப் பெட்டியை எல்லார் கண்ணிலும் படும்படி திறந்துவைத்தாள். வேதாகமத்தோடு ஆட்கள் வந்து வாசலிலேயே நின்றார்கள். அன்று குடிசைக்குத் தீ வைத்தவன் முன்னால் வந்தான்.

"இவ இங்க என்ன பண்றா? இழுத்து வெளிய போடவா, மூப்பரே?"

மூப்பர் மகனின் நெஞ்சைப் பார்த்தார். அது மெல்ல ஏறி இறங்கியது.

"இருக்கட்டும்," என்று முணுமுணுத்தார்.

ரோய் நான் தலையைத் தூக்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க, மூப்பரே. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."