நீளமான மரபணுக்கள்

நெரிஸ் ஒன்பது வருடமாக வேல்ஸ் முழுக்கச் சுற்றி, மனச்சிதைவு நோயாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கி ரத்தம் சேகரித்தவள். அத்தனையும் ஒரே ஒரு மரபணுவை நம்பி. கடைசியில் அதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்றானது.

அவள் வேலை செய்யும் கார்டிஃப் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த டெக்வென் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. “ஒத்தை ஜீனை ஏன் தேடணும்? ஒரே வேலையைச் சேர்ந்து செய்யற ஜீன்களை ஒரு பாதையாக் கோத்துப் பார்க்கலாமே” என்றாள். நெரிஸ் சேகரித்த அதே ரத்தத்தின் விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். ஆறே வாரம். நோயாளிகளிடம் மூன்று பாதைகள் பழுதென்று காட்டிவிட்டாள்.

“பாத்தியா நெரிஸ், உன் ஒம்பது வருஷத்துக்கு இப்பதான் அர்த்தம் வந்திருக்கு!” என்றார் தலைவர் எமிர், டீக்கோப்பையோடு.

நெரிஸ் சிரித்து வைத்தாள்.

டெக்வெனின் கணக்கை வாங்கி வரி வரியாகக் குற்றம் தேடினாள். செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூளையில் வேலை செய்யும் மரபணுக்கள் பல மிக நீளமானவை; நீளம் கூடினால் தற்செயலாகவே அதிக மாற்றங்கள் அகப்படும், அது பழுதுபோலத் தோன்றும். டெக்வென் அதைக் கழிக்கவில்லை.

நெரிஸ் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் கூடும்வரை காத்திருந்தாள்.

“ஒரு சின்ன சந்தேகம், டெக்வென். ஜீனோட நீளத்தைக் கழிச்சியா?”

“இல்ல... கழிக்கல.”

“அப்ப நீ கண்டுபிடிச்சது நோயை இல்லம்மா, நீளத்தை!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெக்வென் முகம் வெளுத்தது. அன்றைக்கு நெரிஸுக்கு மதியச் சாப்பாடு ருசித்தது.

திங்களன்று டெக்வென் நெரிஸின் மேஜைக்கு வந்தாள். “நீளத்தைக் கழிச்சதும் ரெண்டு பாதை விழுந்துடுச்சு. ஆனா மூளை செல்லுக்குள்ள கால்சியத்தை விடற ஜீன்களோட பாதை அப்படியே நிக்குது. இனி அதை யாரும் லேசுல அசைக்க முடியாது. கட்டுரையில உங்க பேரை என் பேருக்கு அடுத்து போட்டிருக்கேன்.”

நெரிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழிதோண்டப் போய் அஸ்திவாரம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்!

“ஜீன் நீளப் பட்டியலை நீங்க செவ்வாய்க்கிழமையே எடுத்தது கணினியில பதிவாகியிருக்கு. அன்னைக்கே பாத்துட்டீங்கல்ல? ஏன் அப்பவே சொல்லல?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “பொறாமை.”

“தெரியும்” என்றாள் டெக்வென். “என்னைப் பாராட்டினவங்க ஒருத்தரும் கணக்கைத் திறந்துகூடப் பார்க்கல.”

கட்டுரை வெளிவந்த அன்று எல்லோரும் டெக்வெனைச் சூழ்ந்து நின்றார்கள். நெரிஸும் போய்க் கைகொடுத்தாள். மனசு ஆறிவிடவில்லை.

“அடுத்த கணக்கையும் எனக்கே அனுப்பு” என்றாள். “இந்தத் தடவை தப்பு இருந்தா அன்னைக்கே சொல்றேன்.”