பஞ்சுக்காட்டுப் படம்

நூற்பாலை விடுதியில் ஞாயிறு மத்தியானம் போடும் படத்தில் காதல் இருக்கக் கூடாது. இது வார்டன் ராமாமணி போட்ட சட்டம். காதல் படம் பார்த்தால் பெண்கள் சுவரேறிக் குதித்து ஓடிவிடுவார்களாம்! அதனால் வாராவாரம் அக்கா மகன் சாய்குமாரிடம், "குடும்பப் படமாப் பாத்து ஏத்திக் குடு சாமி" என்று பென் டிரைவை நீட்டுவாள். இந்த வாரம் அவன் காட்டிய படத்தின் முகப்பில் கண்ணுக்கெட்டிய தூரம் பஞ்சுக்காடு, நடுவில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். மில் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பப் படம் உண்டா என்று வாங்கி வந்துவிட்டாள்.

போட்ட பிறகுதான் தெரிந்தது, அது அடிமைகளின் கதை. பேச்சு இங்கிலீஷ், கீழே தமிழ் எழுத்து ஓடியது. கண்ணாடியை அறையிலேயே மறந்திருந்த ராமாமணி, "அன்புச்செல்வி, நீ சத்தமாப் படி அம்மணி" என்றாள்.

அந்தப் பெண்ணிடம் கேட்க அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை அன்புச்செல்விக்குக் கணபதி ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. ஆனால் விடுதிப் பெண் தனியாக வெளியே போகக் கூடாது; கூட்டிப்போக ஆளில்லை என்று மேனேஜர் தம்பிதுரை கைவிரித்துவிட்டார். நேற்றுத்தான் ராமாமணி அவளுடைய புத்தகங்களைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினாள். "புத்தகத்தத் தொட்டுட்டா அப்புறம் கைக்கு வேலை ஓடாது அம்மணி" என்று புத்திமதி வேறு. பாவம், ராமாமணியும் வெளியே போக மேனேஜரைத்தான் கேட்க வேண்டும்.

அன்புச்செல்வி கணீரென்று படித்தாள். அடிமைத் தாய் ஒளித்து வைத்த புத்தகத்தில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். எஜமானி உள்ளே வந்தாள். புத்தகத்தைப் பிடுங்கி ஏதோ சொன்னாள். அன்புச்செல்வி படிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"என்ன கண்ணு சொல்றா அவ?"

"ஒண்ணுமில்லீங்கக்கா."

முன்வரிசைப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராமாமணிக்குச் சுருக்கென்றது. "படத்த நிறுத்துங்க. பரவால்ல, சொல்லு."

"புத்தகத்தத் தொட்டவ கை வேலைக்கு ஆகாதுன்னு சொல்றாங்கக்கா."

இத்தனை பேர் முன்னால் வார்டன் முகம் வாடக் கூடாதென்று மறைத்திருக்கிறாள். அதுவும் நேற்று தன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்! ராமாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விறுவிறுவென்று எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் புத்தகங்கள், மூக்கில் கண்ணாடி. புத்தகங்களை அன்புச்செல்வியின் மடியில் வைத்தாள்.

"தனியாப் போகக் கூடாதுன்னுதான சட்டம்? நாளைக்கு நானும் கூட வாரேன்."

"மேனேஜர் சார் கேட்டாருன்னா?"

"கேக்கட்டும்."

தன் வேலை போனாலும் போகும் என்று ராமாமணிக்குத் தெரியும். படம் மறுபடி ஓடியது. இப்போது எழுத்து அவளுக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"மிச்சத்தையும் நீயே படி கண்ணு," என்றாள். "எனக்காக எதையும் முழுங்காமப் படி."